கட்டுமானப் பாதுகாப்பு: திட்டம் தொழிலாளர் கையில் இருக்கட்டும்

ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில், பழைய விமான நிலையத்துக்கு அருகே, ரொனால்ட் ராஸின் நினைவைத் தாங்கி நிற்கும் ஒரு பழைய கட்டடம் உண்டு. மலேரியா என்ற சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்தின் நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1897 ஆகஸ்ட் 20 அன்று, அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை ராஸ் கண்டறிந்தபோது அந்த நம்பிக்கை முடிவுக்கு வந்தது. காற்றின் மீது பழி போட்ட காலம் வரை யாராலும் எதையும் தடுக்க முடியவில்லை. கொசு என்று தெரிந்த பிறகு, தேங்கிய நீரை அகற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. காரணம் தெளிவானால்தான் பொறுப்பும் தெளிவாகும்.

அதே பேகம்பேட் வழியாக இன்று மெட்ரோ ரயில் ராய்துர்க்கம் வரை செல்கிறது. பாதை முடியும் மேற்குப் பகுதியில் கோபுரம் கோபுரமாகக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எழுப்புவோர் ஒடிசா, சத்தீஸ்கர், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்க மாநிலங்களிலிருந்தும், வடக்கு ஆந்திராவின் வறண்ட கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். இவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தாலோ மண்ணில் புதைந்தாலோ, முதல் தகவல் அறிக்கையிலும் மறுநாள் செய்தியிலும் காரணமாக எழுதப்படுவது மூன்றில் ஒன்றுதான்: கனமழை, எதிர்பாராத விபத்து அல்லது தொழிலாளியின் கவனக்குறைவு. கட்டுமானத் துறையைப் பொறுத்தவரை இந்நாடு இன்னும் கெட்ட காற்றின் காலத்திலேயே வாழ்கிறது.

மூன்று சுவர்கள்

2024 மே 7 அன்று மாலை ஐதராபாத்தில் பெருமழை பெய்தது. பாச்சுப்பள்ளியில் கட்டப்பட்டுவந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தடுப்புச்சுவர் சரிந்து, அதன் அடியில் போடப்பட்டிருந்த தொழிலாளர் கொட்டகைகளின் மீது விழுந்தது. ஒடிசாவையும் சத்தீஸ்கரையும் சேர்ந்த 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் 4 வயதுக் குழந்தை.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 2019 ஜூன் 29 அதிகாலையில், புனே நகரின் கோந்த்வா பகுதியில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்தது. அடுத்த மனையில் புதிய கட்டடத்துக்காகப் பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. அங்கு வேலைக்கு வந்த பீகார் தொழிலாளர்களின் கொட்டகைகள் அச்சுவரை ஒட்டியே அமைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தனர். அன்றும் மழை.

அதற்கும் ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 2014 ஜூலை 6 அதிகாலையில், சென்னையை அடுத்த செங்குன்றம் அருகே எடப்பாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் சரிந்து, அதன் ஓரத்துக் குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்த 11 பேரைக் கொன்றது. கட்டுமான வேலைக்காக ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டது அதற்கு எட்டு நாட்களுக்கு முன்புதான். அன்றும் மழையே காரணமாகச் சொல்லப்பட்டது.

மூன்று மாநிலங்கள், மூன்று வேறுபட்ட கட்சிகளின் அரசுகள், மூன்று வேறுபட்ட கட்டுமான முதலாளிகள். நிகழ்ந்ததோ ஒரே நிகழ்ச்சி. உயரமான சுவர், அதன் ஒருபுறம் நீரேறிக் கனத்த மண் அல்லது அதன் அடிமண்ணைத் தளர்த்திய பள்ளம், மறுபுறம் தகரக் கொட்டகையில் உறங்கும் குடும்பங்கள். மழை பெய்யும் என்பது ஜூன், ஜூலை மாதங்களில் எவருக்கும் புதிய செய்தியன்று. சுவரின் அடியில் உறங்கும்படி அவர்களை வைத்தது மழையும் அன்று. விற்கத்தக்க சதுர அடி ஒன்றைக்கூட இழக்க விரும்பாத மனைக்கணக்கு, யாருக்கும் பயன்படாத ஓரத்தை அவர்களுக்கு ஒதுக்கியது.

அரைப் பக்கத்தில் எழுதக்கூடியது

இடர் மதிப்பீடு என்பதும் பாதுகாப்பான வேலைத் திட்டம் என்பதும் பெரிய நிறுவனங்களின் ஆலோசகர்கள் மட்டுமே தயாரிக்கவல்ல தடித்த ஆவணங்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவை ஐந்து கேள்விகளுக்கான விடைகளே. இந்த இடத்தில் தீங்கு விளைவிக்கக்கூடியது எது? அதனால் பாதிக்கப்படக்கூடியவர் யார்? அதை அறவே நீக்க இயலுமா? இயலாதெனில் எத்தகைய தடுப்பு வேண்டும்? அத்தடுப்பை யார், எப்போது செய்து முடிப்பார்? பாச்சுப்பள்ளியில் இந்த ஐந்து கேள்விகளை யாரேனும் நேர்மையாகக் கேட்டிருந்தால், அரைப் பக்கம் போதுமானதாக இருந்திருக்கும். சுவர் விழக்கூடும், கீழே குடும்பங்கள் உள்ளன, கொட்டகைகளை அப்புறப்படுத்த வேண்டும், மேற்பார்வையாளர் மழைக்கு முன் அதைச் செய்வார். இதற்கான செலவு ஒரு நாள் கூலியும் ஒரு வண்டி வாடகையும்தான்.

பாதிக்கப்படக்கூடியவர் யார் என்ற இரண்டாவது கேள்வி குறிப்பிடத்தக்கது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் பட்டியலில் குழந்தை இல்லை. ஆனால் இடிபாடுகளில் குழந்தை இருந்தது. வேலையிடத்தில் வாழ்வோர் அனைவரையும் கணக்கில் கொள்ளாத மதிப்பீடு மதிப்பீடே ஆகாது. அமீர்பேட் மெட்ரோ நிலையத்தில், 2019 செப்டம்பரில், மழைக்கு ஒதுங்கி நின்ற இளம்பெண் ஒருவர் மேலிருந்து பெயர்ந்து விழுந்த கான்கிரீட் துண்டால் இறந்தார். 2007 செப்டம்பர் 9 அன்று பஞ்சகுட்டாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சாலையில் விழுந்தபோதும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. இரண்டும் பேகம்பேட்டுக்கு மிக அருகே உள்ள இடங்கள். தொழிலாளிக்குப் பாதுகாப்பற்ற கட்டுமானம் வழிப்போக்கருக்கும் பாதுகாப்பற்றதே.

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய இடர்கள் உண்டு; அவற்றை நன்கறிந்தவர் அந்தத் தொழிலைச் செய்பவரே. தளம் போடும் நாளில் முட்டுகள் நிற்கும் தரை இளகியிருந்தால் என்ன ஆகும் என்பதை சென்ட்ரிங் தொழிலாளி அறிவார். ஒரே இடத்தில் கான்கிரீட்டைக் குவித்தால் தளம் எந்தப் பக்கம் சாயும் என்பதும், அந்நேரத்தில் தளத்தின் அடியில் யாரும் நிற்கலாகாது என்பதும் அவருக்குத் தெரியும். மின்கம்பிக்கு அருகே நீண்ட இரும்புக் கம்பியைத் திருப்பும்போது நேரும் ஆபத்தைக் கம்பி கட்டுபவர் அறிவார். ஒன்றரை மீட்டருக்கு மேல் தோண்டிய பள்ளத்துக்கு மண் சரியாதபடி பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும் அல்லது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் படித்திராத மண்வெட்டும் தொழிலாளியும் கரையில் வெடிப்பு விழுவதைக் கண்டு மேலே ஏறிவிட வேண்டும் என்று அறிவார். ஏறியவரை மீண்டும் இறங்கச் சொல்பவர் மேஸ்திரி.

எல்லா இடர்களும் கண்ணுக்குத் தெரிபவை அல்ல. புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க இறங்கியவர் மூச்சுத்திணறி விழுவதும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாள்வதும் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. மூடிய தொட்டியில் ஈரப்பலகை மக்கும்போது உயிர்வாயு குறைந்துபோகிறது. மூடியைத் திறந்து வைத்துக் காற்றைச் செலுத்துதல், காற்றைச் சோதித்தல், இடுப்பில் கயிறு கட்டி மேலே ஒருவரை நிறுத்துதல் என்ற மூன்று வரிகள் எழுதப்பட்டு, அவை கடைப்பிடிக்கப்பட்டால் அந்த மரணங்கள் நிகழா. அனுபவ அறிவும் அறிவியல் அறிவும் ஒரே தாளில் சந்திக்கும் இடமே வேலைத் திட்டம்.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

1980களில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசியப் பிரச்சாரக் குழுவும் தொழிற்சங்கங்களும் நடத்திய நீண்ட இயக்கத்தின் விளைவாக, கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இல் நிறைவேற்றப்பட்டது. 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத்தின் எண்ணிக்கைக்குக் குறையலாகாது என்று அச்சட்டம் கூறியது. 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்கள் எழுத்துமூலமான பாதுகாப்புக் கொள்கையைத் தயாரிக்க வேண்டும் என்றன. அதைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியில் வேலையிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றும் கூறின.

நடைமுறையில் அந்த ஆவணம் ஒப்பந்தப்புள்ளியின் இணைப்பாகச் சுருங்கிவிட்டது. ஒரு வேலைக்காக எழுதப்பட்டது, பெயர் மட்டும் மாற்றப்பட்டு அடுத்த வேலைக்குச் செல்கிறது. சமதளத்துக்கு எழுதியது பாறைச் சரிவுக்கும் கோடைக்கு எழுதியது மழைக்கும் பயன்படுத்தப்படுகிறது. ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளியின் உயிர் குறித்த அந்த ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு, நிறுவனம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று நீதிமன்றத்தில் காட்டுவதற்கே அது வெளியே எடுக்கப்படுகிறது. தொழிலாளியைக் காக்கப் பிறந்த தாள் முதலாளியைக் காக்கும் தாளாகிவிட்டது.

இதற்கு அடிப்படையாக இருப்பது ஒப்பந்த அடுக்கு. முதன்மை நிறுவனம், துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி, இறுதியில் தொழிலாளி. ஒவ்வொரு படியிலும் விலை குறைக்கப்படுகிறது. குறைக்கப்பட்ட விலையில் முதலில் மறைவது முட்டும் வலையும்தான். ஐதராபாத்தில் அட்டா என்று அழைக்கப்படும் சாலைச் சந்திப்புகளில் காலையில் நின்று, கிடைத்த வேலைக்கு ஏறிச்செல்பவர், தான் எந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறார் என்பதையே அறியாமல் மாலை வரை உழைக்கிறார்.

நலவரிக் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலிக்கப்படும் இவ்வரியில் ரூ.37,400 கோடிக்கு மேல் திரட்டப்பட்டும், சுமார் ரூ.9,500 கோடி மட்டுமே செலவிடப்பட்டதாக, 2018 மார்ச் 19 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. செலவிடப்பட்டதும் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னர் தரப்படும் உதவியே. மரணத்தைத் தடுப்பதற்கு அரசுகள் அக்கறையோடு திட்டமிட்டதில்லை.

புதிய தொகுப்பு

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு பிடித்துக்கொண்டது. பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கும் வரம்பு கட்டுமானத்தில் 500இலிருந்து 250 தொழிலாளர்களாகக் குறைக்கப்பட்டதை முன்னேற்றமாக அரசு காட்டுகிறது. அந்த அளவில் அது முன்னேற்றமே, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்பு அலுவலர் நிர்வாகத்திடம் ஊதியம் பெறுபவர். தொழிலாளர் பிரதிநிதிகள் அமரும் பாதுகாப்புக் குழுவோ, சட்டமே விதித்த கட்டாயம் என்ற நிலையிலிருந்து, அரசு ஆணையிட்டால் அமைக்கப்படும் ஒன்றாக மாற்றப்பட்டுள்ளது. அலுவலருக்கான வாசல் அகலமாக்கப்பட்டது. தொழிலாளிக்கான வாசலின் சாவி அரசின் பையில் வைக்கப்பட்டது.

சொந்தக் குடியிருப்புக்கான கட்டுமானத்தில் விலக்கு வரம்பு ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்கள் முன்போலவே வெளியே நிற்கின்றன. மாநகரப் புறப்பகுதிகளிலும் சிற்றூர்களிலும் எழும் வீடுகள் பெருமளவு இந்த விலக்குக்குள் அடங்கும். ஆய்வாளர் என்ற பெயரோடு வசதியளிப்பவர் என்ற சொல்லும் ஒட்டப்பட்டுள்ளது. யாருக்கு வசதி என்பதைக் கட்டுமான முதலாளிகள் நன்கு அறிவார்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி, அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது தொகுப்பு. தெரிவித்துவிட்டு வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. கட்டுமானப் பாதுகாப்பு குறித்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988இல் நிறைவேற்றிய 167ஆவது உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் உள்ள தொழிலாளிக்கு அங்கிருந்து அகலும் உரிமை உண்டு. அந்த உடன்படிக்கையை இந்திய அரசு ஏற்று உறுதி செய்யவில்லை. கரையில் வெடிப்பைக் கண்டு மேலே ஏறியவர் கீழே இறங்க மறுக்கலாமா என்பதே கேள்வி. அதற்கு இந்தியச் சட்டத்தின் விடை மௌனம்.

இரு வாதங்கள்

தொழிலாளர்களே தலைக்கவசம் அணிவதில்லை, பெல்ட் மாட்டுவதில்லை என்பது முதலாளிகள் கூறும் முதல் வாதம். பாதுகாப்பு அறிவியலின் வரிசைப்படி, ஆபத்தை நீக்குவது முதல் படி. தொழிலாளியின் உடலில் கவசம் மாட்டுவது கடைசிப் படி. பாச்சுப்பள்ளியில் உறங்கிக்கிடந்தோரை எந்தத் தலைக்கவசமும் காப்பாற்றியிருக்காது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 புலம்பெயர் தொழிலாளர்கள் மாண்டார்களே, சரியும் சாரத்தோடு கட்டப்பட்ட பெல்ட் அவர்களுக்கு என்ன செய்திருக்கும்? கடைசிப் படியை முதற்படியாகக் காட்டும்போது பொறுப்பு முதலாளியின் தலையிலிருந்து தொழிலாளியின் தலைக்கு இடம் மாறுகிறது.

சிறிய ஒப்பந்ததாரர்களால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது இரண்டாவது வாதம். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே ஒப்பந்ததாரர் செய்யும் சிறு வேலைக்குக்கூட எழுத்துமூலமான திட்டம் கட்டாயம். வேலையின் அளவுக்கு ஏற்ப அது ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடலாம். தொழிற்சங்கம் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகள் வேலையிடத்தை ஆய்வு செய்யும் உரிமையை 1977ஆம் ஆண்டு விதிகளே அங்கு வழங்கின. இவை ஆளும் வர்க்கத்தின் கருணையால் வந்தவை அல்ல. அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களின் வலிமையால் வந்தவை. சிறு ஒப்பந்ததாரரின் சுமை உண்மையெனில், அச்சுமையை ஏற்க வேண்டியவர் அடுக்கின் உச்சியில் லாபம் எடுக்கும் முதன்மை நிறுவனமே.

செய்ய வேண்டியவை

தொகுப்புகளைத் திரும்பப் பெறும் போராட்டம் தொடர வேண்டும். அதே வேளையில், அடுத்த மழைக்காலம் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கப்போவதில்லை. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும், தொழிலாளர் எண்ணிக்கை எவ்வளவாயினும், அந்த இடத்துக்கென்றே எழுதப்பட்ட திட்டம் வேண்டும். அது தொழிலாளர்களின் மொழியில் எழுதப்பட வேண்டும். எழுத்தறியாதோருக்கு வேலை தொடங்குமுன் வாசித்துக் காட்டப்பட வேண்டும். தொழிலாளர் பிரதிநிதியின் கையொப்பம் இல்லாத திட்டம் செல்லாது என்பது விதியாக வேண்டும். கட்டட அனுமதியோடு திட்டமும் இணைக்கப்பட்டு, பொதுமக்கள் பார்க்கும்படி வாயிலில் வைக்கப்பட வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு அமையும் இடம் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். சுவர், பள்ளம், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலகிய இடமாக அது இருக்க வேண்டும். ஆபத்தால் வேலை நின்ற நாளுக்கு முழுக்கூலி தரப்பட வேண்டும். கூலி இல்லாத உரிமை அன்றாடங்காய்ச்சிக்கு உரிமையே ஆகாது. மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையே அவரை மீண்டும் பள்ளத்தில் இறக்குகிறது.

தொழிற்சங்க அரங்கில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கு இதில் உடனடிக் கடமை ஒன்று உண்டு. கட்டுமானச் சங்கங்களின் பணி பல இடங்களில் நலவாரியப் பதிவு, புதுப்பித்தல், உதவித்தொகை மனு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அப்பணி தேவையானதே. ஆனால் ஈமச்சடங்கு நிதியைப் பெற்றுத்தரும் சங்கம், அந்த ஈமச்சடங்கைத் தடுக்கும் சங்கமாகவும் வளர வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் வேலையிடங்களைப் பட்டியலிட்டு, மழை தொடங்குமுன் கொத்தனார், சித்தாள், கம்பி, சென்ட்ரிங், மின், வெல்டிங் தொழிலாளர்களை அழைத்து உட்கார வைத்து, அந்த ஐந்து கேள்விகளையும் கேட்க வேண்டும். விடைகளை எழுதி, நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும். எச்சரிக்கை தரப்பட்டது என்பதற்கு அந்த ஒப்புகை சான்று. அதன் பின் எதிர்பாராத விபத்து என்று எவரும் எழுத முடியாது.

இந்த உரையாடல் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் நடக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் வேலையிடங்களில் இன்று சாரத்தின் மேல் நிற்பவர் பெரும்பாலும் வெளிமாநிலத் தொழிலாளி. அவரை வேலை பறிப்பவராகக் காட்டும் பிரச்சாரத்துக்கு, அவரோடு ஒரே தாளில் கையெழுத்திடும் தமிழ்த் தொழிலாளியே தக்க மறுமொழி. விழும் சுவர் மொழி கேட்பதில்லை. அடுத்த பருவமழைக்கு முன், சுவர் ஓரத்தில் நிற்கும் ஒரு கொட்டகையையேனும் தன் பகுதியில் இடம் மாற்றிய கிளை, தன் கடமையைச் செய்த கிளையாகும்.